ஸெனோவியாவின் கறுப்பு வளையம்

ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி பிற்பகலிலேயே தெருவுக்குள் ஏறிவிட்டது. லவினியா சுவரோரமாகவே நடந்தாள். பிராய்லா நகரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வழி தப்பாது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் இறக்கத்தில் டான்யூப் ஆறு வந்துதான் தீரும். ஆனால் இந்தத் தெருவில் விளக்குகள் இன்னும் எரியவில்லை. மொட்டை மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சொட்டுச் சத்தம், யாரோ பின்னால் அவசரமில்லாமல் நடந்து வருவதுபோல அவளோடு வந்தது.

வீட்டு எண் சரியாக இருந்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கியபோதுதான் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள்.

ஜன்னல் சட்டத்தில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது. அதன் கீழே ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர்.

அந்த ஊரில் அதைப் பார்த்தவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்து நாற்பது நாள் ஆகவில்லை. போன உயிர் இன்னும் தன் வீட்டையும் தான் பழகிய இடங்களையும் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் தாகத்துக்குத் தண்ணீர், முகம் துடைக்கத் துண்டு. அதுவரை இறந்தவரின் சாமானை யாரும் விற்பதில்லை, வாங்குவதும் இல்லை.

லவினியா திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் போனில் பேசிய கிழவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: "பெட்டி நிறைய கலர் கலரா வளையம் இருக்கு." இந்த வார்த்தைக்காக லவினியா எத்தனையோ வருடம் காத்திருந்தாள். சாமான் வேறு யாருடையதாகவாவது இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைத் தட்டினாள்.

அவள் தொழில் அப்படி. பழைய சந்தைக்குப் பக்கத்தில், இரண்டு தெருக்களை இணைக்கும் நடைக்கூடத்தில், மாடிப்படிக்கு அடியில் அவளுக்கு ஒரு சின்னக் கடை. பெண்கள் ஒரு காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிக் கட்டி, அலுத்துப்போய் மேசைக்குள் போட்ட அலங்காரக் கைக்கடிகாரங்களை மட்டும்தான் வாங்கி விற்பாள். துணிக்கடைக்காரர்களின் பெயர் போட்டவை, தங்க முலாம் பூசியவை, பாம்பு மாதிரி வளைந்தவை. அசல் கடிகாரக்காரர்கள் அவளைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வதில்லை. பக்கத்துக் கடையில் மூக்குக்கண்ணாடி பழுதுபார்க்கும் லுக்கியான், "நீ வாட்ச் விக்கலை தங்கச்சி, மணி காட்டுற வளையல் விக்கிற" என்று தினமும் ஒருமுறையாவது சொல்லிவிடுவான். அவளுக்குக் கோபம் வராது. முலாம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே கட்டியிருந்தவள் மாவு பிசைந்தவளா, தையல் தைத்தவளா என்று சொல்லிவிடுவாள். பிழைப்பு அவளுடைய இரண்டு கைகளில்தான் இருந்தது. வலக்கை கருவியைப் பிடிக்கும். இடக்கை கடிகாரத்தைப் பிடிக்கும். இரண்டில் எது நடுங்கினாலும் கடையை மூட வேண்டியதுதான்.

கதவைத் திறந்தவள் கிளாஃபிரா. உயரமான கிழவி. தலைமுதல் கால்வரை கறுப்பு. தோளில் கம்பளிச் சால்வை, அதற்குள் மறைந்த இடக்கை. வீட்டுக்குள் காய்ந்த துளசி, பாச்சை உருண்டை, புளித்த முட்டைக்கோஸ் எல்லாம் கலந்த வாடை. அடுப்பு எரிந்தும் அறையில் சூடு இல்லை.

"உக்காரு பொண்ணே. தேநீர் குடிப்பியா?"

"வேணாம் பெரியம்மா. இருட்டுறதுக்குள்ள பாத்துட்டுக் கிளம்புறேன்."

"இருட்டியாச்சே" என்றாள் கிழவி. ஒற்றைக் கையாலேயே பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்து, ஒற்றைக் கையாலேயே திறந்தாள்.

லவினியா தன்னையறியாமல் மேசைப் பக்கம் குனிந்தாள்.

நடுவில் கடிகாரம். சின்ன வெள்ளை முகப்பு, மெல்லிய கண்ணிகள் கோத்த பொன்னிறச் சங்கிலி. அதைச் சுற்றி வெல்வெட் குழிகளில் வட்டமாக வளையங்கள். நீலம், பச்சை, ஒயின் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா. முகப்பைச் சுற்றி எந்த வளையத்தையும் மாட்டலாம், கழற்றலாம். உடுத்தும் துணிக்கு ஏற்றபடி நிறம். கடிகாரத்தில் இப்போது இருந்தது பாலேட்டு நிற வளையம்.

அவளை அப்படி இழுத்தது பொருளின் அருமை மட்டுமல்ல. அந்தக் கடிகாரத்தை அவளுக்குத் தெரியும். பிராய்லாவில் அந்தத் தலைமுறையில் எல்லோருக்கும் தெரியும். நாடகக் கொட்டகையின் டிக்கெட் ஜன்னலில் அரைவட்டமாக ஒரு துளை இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் இடக்கை மட்டும் வெளியே வரும். டிக்கெட்டைத் தள்ளும், உள்ளங்கையை மலர்த்திக் காத்திருக்கும், காசை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஜன்னலின் மீதிப் பகுதி மங்கிய கண்ணாடி. முகத்தை யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றபடி, இன்றைக்கு அந்தக் கையில் என்ன நிற வளையம் என்று பந்தயம் கட்டுவார்கள். லவினியாவும் கட்டியிருக்கிறாள்.

"டிக்கெட் ஜன்னல்ல இருந்தவங்களா?" என்றாள் மெதுவாக.

"என் தங்கச்சி. ஸெனோவியா." கிழவி பெட்டியைப் பார்க்காமலே பேசினாள். "சொக்கத் தங்கம். அவளே சொல்லுவா."

லவினியா லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டாள். சங்கிலியின் ஓரங்களில், சட்டைக்கை உரசும் இடத்தில், பொன்னிறத்துக்கு அடியிலிருந்து பித்தளை எட்டிப் பார்த்தது. தங்கம் இல்லை, முலாம்தான். ஆனால் பொருள் போலி இல்லை. பின்மூடியில் எண் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. போலிகளில் அது மேலோட்டமாக அச்சடித்ததுபோல இருக்கும். முள்ளைத் திருப்பும் பக்கச் சாவியின் நுனியில் பொடி எழுத்து. மெல்லிய கத்தியால் பின்மூடியை நெம்பினாள். உள்ளே பிளாஸ்டிக் இல்லை, உலோக இயந்திரம். பேட்டரி ஒழுகவில்லை. வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றின் அடியிலும் அதே முத்திரை, அதே வழுவழுப்பான பூச்சு.

பாலேட்டு நிற வளையத்தின் குழி போக, இன்னொரு குழியும் காலியாக இருந்தது.

"கறுப்பு எங்க பெரியம்மா? இந்தப் பெட்டியில கறுப்பு ஒண்ணு இருக்கணுமே."

"தொலைஞ்சு போச்சு." பதில் கேள்வி முடியுமுன்பே வந்தது. "அவ கறுப்பே போட மாட்டா. எங்கம்மா சாவுக்கே நீலக் கவுன்ல வந்து நின்னா. ஊரே காறித் துப்புச்சு."

கறுப்பு இருந்தால் பெட்டி முழுமை. முழுப் பெட்டியை லவினியா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மனம் அதிலேயே இருக்க, சங்கிலியின் உட்புறத்தைப் புரட்டினாள். கட்டியிருந்தவள் எப்படிப்பட்டவள் என்று எப்போதும் அங்கேதான் தெரியும். கண்ணிகளுக்கு நடுவே முகப்பவுடர் இறுகியிருக்கும், கை கிரீம் மஞ்சளித்திருக்கும்.

இதில் வேறொன்று இருந்தது. தேன் நிறத்தில், கண்ணிகளின் இடுக்கில் வழிந்து உறைந்த ஏதோ ஒன்று. ஊசிமுனையால் கொஞ்சம் சுரண்டி விரல்நுனியில் வைத்துத் தேய்த்தாள். இளகியது. முகர்ந்தாள்.

தேன்மெழுகு. கோயில் மெழுகுவத்தி.

உயிரோடிருப்பவர்கள் மெழுகுவத்தியை நிமிர்த்திப் பிடிப்பார்கள், மெழுகு மணிக்கட்டுக்கு வராது. படுத்திருப்பவர்களின் கையில் கோத்து வைக்கும் மெழுகுவத்திதான் மணிக்கட்டில் வழியும்.

லவினியா லென்ஸைக் கழற்றினாள். கிழவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எப்பக் கட்டியிருந்தாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும்."

பொய். அது பொய் என்று லவினியாவுக்குத் தெரிந்தது. தெரியும் என்பது கிழவிக்கும் தெரிந்தது. அப்போதே பெட்டியை மூடியிருக்க வேண்டும். ஆனால் கறுப்பு வளையம் இந்த வீட்டில்தான் எங்கோ இருக்கிறது, இன்னொரு தடவை வந்தால் கிழவி எடுத்துத் தருவாள் என்ற ஆசை அவள் வாயை அடைத்தது.

"ஒரு நாள் கட்டிப் பாக்காம நான் விலை சொல்ல மாட்டேன் பெரியம்மா. கொக்கி தானாக் கழலுதான்னு பாக்கணும். முலாம் தோலைக் கறுக்க வைக்குதான்னும் பாக்கணும். நாளைக்கு வந்து சொல்றேன். பெட்டியோட எடுத்துட்டுப் போறேன், ஈடா என் வாட்ச்சை வச்சிட்டுப் போறேன்."

"தெரியும். நீ உன் கையிலயே கட்டிப் பாப்பேன்னு சொன்னாங்க." கிளாஃபிராவின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. "அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்."

*

மறுநாள் காலையில் லவினியா ஒயின் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். தலைமாட்டில் வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துக் கட்டினாள். நடைக்கூடத்துக்கு வந்து கடையைத் திறந்தபோது லுக்கியான் அவள் கையைப் பார்த்துவிட்டுச் சீட்டியடித்தான்.

"அடேங்கப்பா, சட்டைக்கு மேட்ச்சா வளையமா? யாருக்காக இந்த அலங்காரம் தங்கச்சி? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, மறந்துடாத."

"உங்களைக் கட்டினவங்களுக்கு நான் தினமும் மெழுகுவத்தி ஏத்துறேண்ணே" என்று சிரித்தபடி கையைப் பார்த்தாள்.

வளையம் ஒயின் சிவப்பாக இருந்தது.

நேற்று பாலேட்டு நிறம். மாற்றியதாக அவளுக்கு நினைவில்லை. தூக்கக் கலக்கத்தில் தானே மாற்றியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது எளிதாக இருந்தது.

வேலை தொடங்கியதும் ஒன்றைக் கவனித்தாள். மேசைமேல் இருந்த சின்னப் பொருட்களை, ஸ்க்ரூ, பேட்டரி, சீட்டு என்று எல்லாவற்றையும், இடக்கை ஒவ்வொன்றாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால், ஒரே அளவாக, கடைக் கண்ணாடியின் அடியில் இருந்த திறப்பை நோக்கி. தள்ளிவிட்டு உள்ளங்கையை மலர்த்தி வைத்துக்கொண்டது.

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக் கடிகாரத்தைக் கழற்றினாள்.

கழற்றியதும் குளிர் வந்தது. வெளியிலிருந்து வந்த குளிர் அல்ல. மணிக்கட்டில் தொடங்கி விரல்நுனிவரை, ஊற்று நீரில் அமிழ்த்தியதுபோல. நகங்கள் நீலம் பாரித்தன. மடக்கச் சொன்னாள், விரல்கள் மடங்கவில்லை. வலக்கையால் தூக்கினாள், அது கனமாகத் தொங்கியது. தன் கையைத் தொடுவதுபோலவே இல்லை. கோயிலில் இறந்தவருக்குக் கடைசி முத்தம் கொடுக்கக் குனியும்போது உதட்டில் படுமே, அந்தக் குளிர்.

மறுபடி கட்டினாள். சூடு திரும்பியது. விரல்கள் அசைந்தன.

ஆனால் அவள் அசைக்கச் சொல்லுமுன்பே அசைந்தன.

மதியம் மருத்துவரிடம் போனாள். அவர் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார். நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, குளிரில் கையுறை போட்டுக்கொள் என்று அனுப்பிவிட்டார். கடிகாரத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்வது?

மாலையில் மூடுபனி நடைக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆள் நடமாட்டம் ஓய்ந்தது. விளக்கு மஞ்சளாகக் கரைந்து நின்றது. கடிகாரத்தோடு அந்தக் கிழவி வீட்டுக்கு இப்போதே போய்விடுவது என்று முடிவு செய்து, அவள் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

துளசி வாடை வந்தது.

காய்ந்த துளசி. புனித நீர் தெளிக்கும் துளசிக்கொத்து. கூடவே ஈர மண்.

அவள் நிமிர்ந்தாள். கடையின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து மங்கியிருந்தது. அதன் அடியில் அந்தச் சின்னத் திறப்பு.

திறப்பின் வழியாக ஒரு கை உள்ளே நீண்டிருந்தது.

பெண்ணின் கை. இடக்கை. மெழுகு நிறம். உள்ளங்கை மலர்ந்து, காத்திருந்தது.

"என்ன வேணும்?" என்றாள் லவினியா.

அந்தக் கை அசையவில்லை.

மணிக்கட்டில், கடிகாரம் இருந்த இடத்தில், ஒரு வெளுத்த பட்டை மட்டும் இருந்தது. அதைச் சுற்றி, மெழுகு வழிந்த தடம்.

எழுந்து ஓட நினைத்தாள். கால்கள் கேட்டன. இடக்கை கேட்கவில்லை. அது மேசைமேல் ஊர்ந்து போய், அந்தக் கைக்குப் பக்கத்தில், அதே மாதிரி மலர்ந்து படுத்துக்கொண்டது. இரண்டு கைகள், அருகருகே, ஒரே சாயலில்.

வெளியிலிருந்து வந்த கையின் ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்தது. கடிகாரத்தின் வளையத்தைத் தொட்டது. சுற்றி வந்தது. குருடர் ஒரு முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல, மறுபடியும் சுற்றி வந்தது.

பிறகு திறப்பு வழியாகப் பின்வாங்கிப் போய்விட்டது.

பக்கத்துக் கடையிலிருந்து லுக்கியானின் முணுமுணுப்பு கேட்டது. "என்ன தங்கச்சி, அந்தம்மாவை உள்ள கூப்பிட்டிருக்கக் கூடாதா? இந்தக் குளிர்ல கோட்டு கூட இல்லாம, மெல்லிசா நீலக் கவுனோட நிக்கிறாங்க. பாவம்."

லவினியா திறப்பின் விளிம்பைப் பார்த்தாள். அங்கே ஈரமான களிமண் ஒரு விரல் அகலத்துக்கு அப்பியிருந்தது.

*

கிளாஃபிரா கதவைத் தாழிடாமல் வைத்திருந்தாள். மேசைமேல் ஒரு பாத்திரத்தில் வெந்த கோதுமை. மேலே சர்க்கரையால் சிலுவை, சுற்றிலும் அக்ரூட் பருப்பு. நினைவுப் பூசைக்கான படையல். லவினியா உட்காரவில்லை. கொண்டு வந்த பெட்டியை மேசைமேல் வைத்து, கடிகாரத்தைக் கழற்றி அதற்குள் வைத்தாள். குளிர் உடனே கையைக் கவ்வியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எங்கிருந்து எடுத்தீங்க?"

கிழவி கோதுமைப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினாள். பிறகு சால்வையை விலக்கினாள்.

அவள் இடக்கை மார்போடு ஒட்டிக் கிடந்தது. நீலம் பாரித்து, விரல்கள் குச்சியாகச் சுருங்கி.

"நானும்தான் கட்டிப் பாத்தேன்" என்றாள்.

பிறகு சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது. ஸெனோவியாவை நீலக் கவுனில் படுக்க வைத்தார்கள். கடிகாரத்தோடு புதைக்க வேண்டும் என்பது அவள் கடைசி ஆசை. சாமியார் திரும்பி நின்ற நேரம், சவப்பெட்டியை மூடுமுன், கடைசி முத்தம் கொடுக்கக் குனிந்த கிளாஃபிரா கொக்கியைக் கழற்றிவிட்டாள். அவ்வளவு தங்கத்தை மண்ணுக்குள் விட மனம் வரவில்லை. வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. அதனால் கறுப்பு வளையத்தை அந்த உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"தன் சாவுக்காவது கறுப்பு போடட்டுமேன்னு நெனச்சேன். ஆயுசு பூரா எனக்கு மட்டும்தானே கறுப்பு."

லவினியா சொன்னாள்: "அது தங்கமே இல்லை பெரியம்மா. பித்தளை."

கிழவி சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"கை மாறினா விட்டுடும்னு நெனச்சேன். விடலை. சாமியார்கிட்ட வேற சாமானைச் சொல்லி ஜாடையாக் கேட்டேன். செத்தவங்களுக்கு ஒண்ணைக் கொடுக்கணும்னா, அவங்க பேரைச் சொல்லி உயிரோட இருக்கிறவங்களுக்குத் தானமாக் கொடுக்கணுமாம். வாங்கினவங்க இங்க கட்டினா, அவளும் அங்க கட்டிப்பா. சொந்த ரத்தத்துக்குக் கொடுத்தாப் போய்ச் சேராதாம். வெளியாள் கை வேணும்."

"என் கை கிடையாது" என்றாள் லவினியா. "நீங்க எடுத்தது, நீங்களே வச்சிக்குங்க. நாற்பதாம் நாள் கோயிலுக்கு ரெண்டு பேரும் போவோம். சாமியார்கிட்ட மறைக்காமச் சொல்லுவோம். என் கை எனக்கு வேணும். நாளைக்குக் கடையைத் திறக்கணும்."

"சரி" என்றாள் கிழவி. உடனே ஒத்துக்கொண்டதுதான் லவினியாவுக்குத் திகைப்பாக இருந்தது. "நீ சொல்றதுதான் சரி. உன் வாட்ச்சை எடுத்துட்டுப் போ. இரு, கொண்டு வரேன்."

அவள் முதுகு காட்டி, மேசைமேல் குனிந்து ஏதோ செய்தாள். ஒற்றைக் கையால் செய்வதால் நேரம் பிடித்தது. லவினியா மரத்துப்போன கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜன்னலில் தொங்கிய துண்டு எங்கே போனது என்று யோசித்தாள். ஜன்னல் வெறுமையாக இருந்தது. தம்ளரில் தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது.

அவள் வாசலுக்கு வந்தாள். கிழவி பின்னாலேயே வந்தாள். முதலில் லவினியாவின் பழைய வாட்ச்சைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். பிறகு ஒரு மூட்டையை நீட்டினாள். வெள்ளைத் துண்டில் கட்டிய கோதுமைக் கிண்ணம். முடிச்சில் செருகிய மெழுகுவத்தி, சுடர் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு வாய் சாப்பிடு பொண்ணே. ஸெனோவியா ஆத்மாவுக்காக."

படையலை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லும் ஆள் அந்த ஊரில் பிறக்கவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொடுத்தது அது. கை தானாக நீளும். வாய் தானாகச் சொல்லும்.

லவினியா வாங்கிக்கொண்டாள்.

"ஆண்டவர் அவங்களை மன்னிப்பாராக" என்றாள்.

சொல்லி முடித்தபோது இடக்கை சூடாகிவிட்டது.

மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை, அடுப்புப் பக்கத்தில் வைத்ததுபோல இதமான சூடு. முடிச்சை அவிழ்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிண்ணத்துக்கு அடியில், துண்டின் மடிப்புக்குள், சின்னதாக ஒன்று கனத்தது.

"பெரியம்மா..."

கிளாஃபிரா கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது அவளுடைய இடக்கை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, நிமிர்ந்து, மறுபடி மடங்கிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வாங்கிட்ட இல்ல" என்றாள். "கட்டிக்கோ. அவளுக்குக் குளிருது."

*

நாற்பதாம் நாள் பூசை நடந்தது. லவினியா தூண் மறைவில் நின்று மெழுகுவத்தி ஏற்றினாள். வெளியே வந்தபோது கிளாஃபிரா வளையப் பெட்டியையும் அவள் கையில் திணித்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கடைத் திறப்பில் எந்தக் கையும் வரவில்லை. துளசி வாடையும் வரவில்லை.

கடிகாரத்தை அவள் கழற்றுவதில்லை. கழற்றாதவரை கை அவளுக்குக் கீழ்ப்படிந்தது. ஊசியைப் பிடித்தது, மூடியை நெம்பியது. சில சமயம் அவளைவிட நேர்த்தியாகவே செய்தது. பொருட்களை முன்னால் தள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை. வாடிக்கையாளர்களுக்கு அது பிடித்திருந்தது. உன்னிடம் ஒரு பாங்கு வந்திருக்கிறது என்றார்கள்.

வளையம் தினமும் மாறியது. பனிக்காலம் முழுக்க மாறியது. காலையில் கண் விழித்ததும் கையைப் பார்ப்பாள். பச்சை. சரி என்று பச்சைச் சட்டையை எடுப்பாள். முதலில் பயமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒருநாள் மஞ்சள் வளையத்தைப் பார்த்து, மஞ்சளில் தன்னிடம் எதுவும் இல்லையே என்று நினைத்தாள். அன்று மதியம் லுக்கியானின் மனைவி தான் பின்னிய மஞ்சள் கழுத்துத்துணியை அவளுக்குப் பரிசாக அனுப்பியிருந்தாள். அப்போதுதான் புரிந்தது. வளையம் அவள் உடுத்தியதைப் பார்த்து மாறவில்லை. உடுத்தப்போவது அதற்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

லுக்கியானின் பேத்திக்கு ஞானஸ்நானம் வந்தது. அதற்காக லவினியா வெளிர்நீலக் கவுன் ஒன்று தைத்து, முந்தின நாளே நாற்காலியில் விரித்து வைத்தாள். நீல வளையம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் படுத்தாள்.

விடிந்தது. ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாக இருந்தது. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள்.

வளையம் கறுப்பாக இருந்தது.

அவள் எழுந்து பெட்டியைத் திறந்தாள். நீலம் அதன் குழியில் இருந்தது. எல்லாம் அதனதன் குழியில் இருந்தன. பெட்டியை முழுதாக்கும் அந்தக் கறுப்பு மட்டும் அவள் மணிக்கட்டில் இருந்தது. வளையத்தின் பள்ளத்தில் களிமண். இன்னும் காயவில்லை.

ஸெனோவியா கறுப்பே போட மாட்டாள்.

போனைப் பார்த்தாள். சாவுச் செய்தி சொல்லி யாரும் அழைத்திருக்கவில்லை. தெருவில் ரொட்டி வண்டி போகும் சத்தம் கேட்டது. மேல்மாடியில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். எல்லாம் எப்போதும்போல இருந்தது.

நாற்காலியில் வெளிர்நீலக் கவுன் கிடந்தது. அவள் அதை நோக்கி வலக்கையை நீட்டினாள்.

இடக்கை அலமாரியைத் திறந்தது. தொங்கிய துணிகளை இரண்டு விரலால் ஒவ்வொன்றாக, ஒரே அளவாக, டிக்கெட் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டே போனது. அவசரமில்லை அதற்கு. கடைசியில், அவளிடம் இருந்த ஒரே கறுப்பு உடையில் போய் நின்றது. அதை வெளியே இழுத்து அவள் மார்போடு வைத்து, அளவு பார்த்தது.